மாடித்தோட்டத்தின் மிச்சக் கணக்கு

தக்காளி விலை ஏறும்போதெல்லாம் ஓர் அறிவுரையும் உடன் ஏறிவருகிறது: காய்கறியை வீட்டிலேயே விளைவித்துக்கொள்ளுங்கள், மாதச் செலவு குறையும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இதை எல்லாத் திசைகளிலிருந்தும் கேட்டோம். அவ்வறிவுரையைச் செம்பூரில் வைத்து ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். செடி வளர்ப்பதில் எனக்கு எந்தப் பகையும் இல்லை. என் சன்னல் கம்பிக்கூட்டிலும் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. ‘மிச்சம்’ என்னும் சொல்லைத்தான் நான் ஐயுறுகிறேன்.

முதலில் தக்காளியையே எடுத்துக்கொள்வோம். ஐந்து செடிப்பைகள், ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் இரண்டு கிலோ காய்ப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்துக் கிலோ. கிலோ நாற்பது ரூபாய் என்றால் நானூறு ரூபாய். பை, செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பெண்ணெய் ஆகியவற்றுக்கான செலவு இத்தொகையைப் பெரும்பாலும் தின்றுவிடும். அதையும் விட்டுவிடுவோம். நூறு நாள்களுக்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் உழைத்தால் இருபத்தைந்து மணி நேரம். மணிக்குப் பதினாறு ரூபாய் கூலி! இந்தக் கூலிக்கு வேலைசெய்பவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண். அவ்வுழைப்பு ‘பொழுதுபோக்கு’ என்னும் தலைப்பில் எழுதப்படுவதால் செலவுக் கணக்கில் வருவதில்லை. உழவுக் குடும்பம் தன் சொந்த உழைப்பைக் கூலியாகக் கணக்கிடுவதில்லை என்று சயானோவ் ரஷ்ய உழவர்களை வைத்துச் சொன்னது, இந்நகரின் நான்காம் மாடி வீட்டுக்கும் பொருந்திப்போகிறது.

இன்னொன்று, தக்காளி விலை உச்சத்தைத் தொடும் மாதம் எது? பெரும்பாலும் ஜூலை. அந்த மாதத்தில் மும்பையின் வானத்தில் வெயில் ஏது? வாரக்கணக்கில் மூடிய மேகமும் ஓயாத மழையும் இருக்கையில் பூ உதிரும், வேர் அழுகும், இலையில் பூஞ்சை படரும். சந்தையில் விலை ஏறும் வேளையில் தொட்டியும் காய்ப்பதை நிறுத்திவிடுகிறது. மழை ஓய்ந்து, குளிர்காலத்தில் நம் தொட்டி காய்க்கத் தொடங்கும்போது வாஷி மொத்தச் சந்தையிலும் தக்காளி வந்து குவிகிறது. விலையேற்றத்துக்குக் காப்பாக நாம் நட்ட செடி, விலை வீழ்ந்திருக்கும் பருவத்தில்தான் பயன் தருகிறது.

கீரையின் கணக்கு வேறு. அரைக்கீரையும் தண்டுக்கீரையும் விதைத்த இருபத்தைந்து, முப்பது நாளில் பறிப்புக்கு வரும். அரைநாள் வெயிலே போதும். மணத்தக்காளி, முடக்கத்தான், வல்லாரை போன்றவை செம்பூர் நிலையச் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை. அவற்றுக்காக மாட்டுங்கா செல்லும் தமிழ்க் குடும்பங்களை அறிவேன். ஒரு கட்டுக் கீரையின் விலையுடன் ரயில் கட்டணத்தையும் ஒரு முன்பகலையும் சேர்த்தால், ஒரு தொட்டி மணத்தக்காளி உண்மையிலேயே மிச்சம்தான். மும்பைத் தேநீரில் போடும் எலுமிச்சைப் புல்லும், சாரத்தில் பற்றி ஏறும் கொடிப்பசலையும் அப்படியே. சந்தை தராததை வளர்த்தால் பணம் மிஞ்சும். சந்தை மலிவாகத் தருவதை வளர்த்தால் மனநிறைவு மிஞ்சும். இரண்டும் நல்லவையே, ஆனால் ஒன்றின் பெயரால் மற்றொன்றை விற்கக் கூடாது. (காய்கறியோடு கறிவேப்பிலையையும் கொத்தமல்லியையும் கேளாமலே கையில் திணிக்கும் கடைக்காரர் உள்ளவரை, அவ்விரண்டையும் வளர்த்து மிச்சம் பிடித்தேன் என்பவரின் கணக்கை நான் ஏற்பதாக இல்லை.)

இதுவரை சொன்னவை அனைத்தும் வெயில் விழும் சன்னல் உள்ளவர்களின் கணக்கு. செம்பூரில் சதுர அடி இருபதாயிரத்துக்கு மேல் விற்கும் நிலையில், ஒரு செடிப்பை நிற்கும் இடமே அதன் ஆகப்பெரிய முதலீடு. மொட்டைமாடியோ வீட்டுவசதிச் சங்கத்துக்குப் பொது; நீர்க்கசிவுக்கு அஞ்சி அனுமதி மறுக்கும் சங்கங்களே மிகுதி. ஆகவே, ஏற்கெனவே வசதியுள்ளவர் மேலும் சிறிது மிச்சம் பிடிக்கும் கலையாக இது சுருங்கிவிடுகிறது. மிச்சம் யாருக்கு உயிர்நிலையானதோ அவர்களின் நிலை என்ன?

செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்டு பகுதிகளுக்குச் செல்வோம். சாலை, ரயில் திட்டங்களுக்காகக் குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டோர் 225 சதுர அடி வீடுகளில் குடியேற்றப்பட்ட அடுக்கங்கள் அங்கு உள்ளன. குடிசை வாசலில் டால்டா டப்பாவிலும் உடைந்த பெயின்ட் வாளியிலும் துளசியும் மிளகாயும் கற்பூரவல்லியும் இருந்தன; சில இடங்களில் முருங்கை மரமே நின்றது. அந்தச் சாண் அளவு வாசலும் அதன் வெயிலும் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. நட்வர் பாரேக், லல்லுபாய் அடுக்கங்களில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சுமார் மூன்று மீட்டர் இடைவெளிதான். ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இவ்விரண்டையும், இடைவெளி கூடுதலாக உள்ள பிஎம்ஜி குடியிருப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஒளியும் காற்றும் குறைந்த வீடுகளில் காசநோய் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டறிந்தனர்.

தாவரவியல் படித்தவர்கள் இதை எளிதில் உணர்வர். காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரைக்குக்கூடச் சில மணி நேரம் வேண்டும். கீழ்த்தளத்துச் சன்னலில் கீரை முளைக்காத காரணமும், அவ்வீட்டில் இருமல் ஓயாத காரணமும் ஒன்றே. அக்குடும்பத்தினரிடம் விதைப் பொட்டலத்தைக் கொடுத்துக் காய்கறிச் செலவைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது எவ்வகை நலத்திட்டம்? தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளைகள் 225 ரூபாய்க்கு வழங்கப்பட்டன. நல்ல முயற்சிதான், எனினும் ‘மாடி’ என்னும் சொல்லிலேயே பயனாளி யாரென்பது தீர்மானமாகிவிடுகிறது.

நகரில் நிலமற்றோர் காய்கறி விளைவித்ததே இல்லையா என்றால், விளைவித்தார்கள். அதை நாம் ரயில் சன்னல் வழியே நெடுங்காலம் பார்த்தே வந்திருக்கிறோம். இருப்புப்பாதையோரத்துப் பாலக், முள்ளங்கி, வெண்டைப் பாத்திகளைச் சொல்கிறேன். ‘உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்’ என்னும் திட்டப் பெயரில் ரயில்வே தன் கடைநிலை ஊழியர்களுக்கு உரிமம் தந்த நிலங்கள் அவை. அப்பெயர் 1940களின் போர்க்கால முழக்கத்திலிருந்து வந்தது. அம்முயற்சியின் விளைவுகளை ஆராய வி. டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையில் அமைந்த குழு 1952இல் அறிக்கை அளித்தது. பாதையோர நிலத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் பல இடங்களில் வடமாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தோர். நிலம் கிடைத்தது, நீர் கிடைக்கவில்லை. சாக்கடைக் கால்வாயிலிருந்து இறைத்தார்கள். அக்கீரையைக் கண்டு முகம் சுளிப்பதில் நடுத்தர வர்க்கம் காட்டிய வேகத்தில் சிறிதளவேனும், அந்தப் பாத்திக்குச் சுத்திகரித்த நீரைக் கொண்டுவருவதில் எவரும் காட்டவில்லை. உரத்தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. ‘சுபலா’ உரமூட்டைகள் நாட்டின் வயல்களுக்கு இங்கிருந்து செல்கின்றன. திராம்பேயின் அணு ஆராய்ச்சி மையம் நிலக்கடலையிலும் பயறுகளிலும் புதிய இரகங்களைத் தந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் உரமும் விதையும் அனுப்பும் இடத்தில், ஒரு பாத்திக்கு நல்ல நீர் மட்டும் வாய்க்கவில்லை.

வெற்றிகரமான எடுத்துக்காட்டு கேட்போர்க்கு மும்பைத் துறைமுகக் கழகத்தின் மையச் சமையற்கூட மொட்டைமாடியைச் சொல்வேன். அங்கு உணவுப் பிரிவு அலுவலராக இருந்த ப்ரீத்தி பாட்டீல் 2002 வாக்கில், நாள்தோறும் குவியும் சமையல் கழிவை என்ன செய்வது என்னும் கேள்வியிலிருந்து தொடங்கி மாடியையே தோட்டமாக்கினார். அத்தோட்டம் நிலைத்ததற்கு நிறுவனத்தின் மாடியும், இடைவிடாது வந்த இயற்கை எருவும், சம்பளம் பெறும் ஊழியர்களின் கைகளும் காரணம். தனி வீட்டின் சிக்கனக் குறிப்பாக அதைச் சுருக்கிப் பரப்புவோர் இம்மூன்றையும் மறைத்துவிடுகின்றனர்.

சிக்கன அறிவுரைக்கு மற்றொரு முகமும் உண்டு. எங்கெல்ஸ் தம் ‘வீட்டுவசதிப் பிரச்சினை’ நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1887இல் எழுதிய முன்னுரையில் ஜெர்மனியின் வீட்டுக் கைத்தொழிலாளர்களைப் பற்றிப் பேசுகிறார். சிறு தோட்டமும் உருளைக்கிழங்குப் பாத்தியும் இருந்ததாலேயே அவர்களுக்குக் கூலி குறைக்கப்பட்டது; தோட்டத்தில் விளைந்தது தொழிலாளியின் தட்டுக்கு வந்த அளவுக்கு, அவர் கூலியிலிருந்து கழிந்து முதலாளியின் கணக்குக்குப் போனது என்பது அவர் வாதம். 2022 ஜூனில், நெருக்கடியின் நடுவே இலங்கை அமைச்சரவை அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்து, வீட்டுத்தோட்டத்தில் பயிரிடுமாறு கூறியது. அதற்கு முந்தைய ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து விளைச்சலைக் குலைத்ததும் அதே அரசுதான். கொள்கையின் பிழையைக் குடிமக்களின் கொல்லையில் ஈடுகட்டச் சொன்னார்கள். கொல்லையே இல்லாத மலையகத்து லயன் அறைகளுக்கு அந்த வெள்ளிக்கிழமையும் பொருந்தவில்லை.

இது நம் வளாகங்களுக்கு அயலான செய்தியன்று. ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்ற ஒரு பருவத்தில், ‘சிக்கன வாழ்வு’ குறித்த பயிலரங்கு ஒன்றில் எங்களை அமர்த்தி, விடுதிச் சன்னலில் புதினா வளர்க்கும் முறையை விளக்கினார்கள். புதினா நன்றாகவே வளர்ந்தது. உதவித்தொகை எப்போது வரும் என்று கேட்ட நண்பருக்கு அன்று கிடைத்தது ஒரு பொட்டலம் வெந்தய விதை.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. நகர்ப்புற வேளாண்மை குறித்து ஆய்வேடு எழுதுவோர் விளைச்சலை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டாம். சன்னலில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, நீருக்கு யார் பணம் கொடுக்கிறார், உழைப்பவர் யார், நிலம் எத்தனை ஆண்டுகளுக்கு அவர் கையில் இருக்கும் என்னும் நான்கையும் எழுதுங்கள். மறுகுடியமர்வு வீடுகளுக்குக் கட்டட இடைவெளி விதிகளைத் தளர்த்தும் வழக்கத்தை எதிர்ப்பதும் தோட்டக்கலையைச் சேர்ந்த வேலையே. குடியிருப்புக்கு ஒரு பொதுப் பாத்தி, அதன் மண்ணை நச்சு உலோகங்களுக்காகச் சோதிக்க ஒரு கூடம், அடுக்கங்களின் மொட்டைமாடியைப் பெண்கள் குழுவுக்கு எழுத்துமூலம் பத்தாண்டுக் குத்தகைக்கு விடும் ஓர் ஆணை ஆகியவற்றை மாநகராட்சியிடம் கேட்கலாம். விதைப் பொட்டலம் அதன்பின் வரட்டும்.