கல்லுக்கு அடியில் ஒரு பெயர்

இருபத்தாறு வருஷமாகத் தாம்பரத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறேன். அம்பாசடரில் ஆரம்பித்து, இண்டிகாவுக்கு வந்து, இப்போது இன்னோவா. மாமல்லபுரத்துக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. கமிஷனுக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையத்திலோ ஜி.எஸ்.டி. சாலை ஓட்டல்களிலோ ஆளை ஏற்றி, வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகப் போவோம். ஐந்து ரதம், அர்ஜுனன் தபசு, கடற்கரைக் கோயில் பார்த்து முடிந்ததும் "சாமான் ஏதாவது வாங்கணுமா சார்?" என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டினால் நேராகக் கடை வாசல். காவலாளி வண்டி நம்பரை நோட்டில் எழுதிக்கொள்வார். பையன் டீ கொண்டுவருவான். உள்ளே போனவர்கள் வாங்கியதில் ஒரு பங்கு, புறப்படுவதற்குள் என் சட்டைப்பைக்கு வந்துவிடும். சுற்றுலா வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை. பயணிகளுக்கு மட்டும்தான் தெரியாது.

நாலு வருஷத்துக்கு முன் புனேயிலிருந்து வந்த ஒரு அம்மா, ஒரு முழ உயரத்தில் கருங்கல் பிள்ளையார் எடுத்தார். ஒன்பதாயிரம் ரூபாய். தும்பிக்கை வளைவில் விரலை ஓட்டிக்கொண்டே, "இதை யார் செய்தது?" என்று கேட்டார். விற்பனைப் பையன் யோசிக்கவே இல்லை. "மஹாபலிபுரம் ஆர்ட், மேடம்" என்றான். அவர் திரும்பவும் கேட்டார். "நம்ம ஆளுங்கதான் மேடம்."

அதே நேரம் நான் தண்ணீர் பிடிக்கக் கடையின் பின்பக்கம் போயிருந்தேன். தகரக் கொட்டகை. ஒருவர் உளியை உலையில் காய்ச்சி, தட்டி, முனை பிடித்துக்கொண்டிருந்தார். புருவம், மீசை, காது மடல் எல்லாம் சாம்பல் நிறத் தூசி. அந்தப் பிள்ளையாரைச் செய்தவர் அவர்தான். பதினோரு நாள் ஆனதாம். "காதுதான் சார் லேட்டு. விசிறி மாதிரி விரியணும், கல்லு விட்டுக் குடுக்கல" என்றார். நாள் கூலி வாங்குகிறவர். காரில் ஏறிப் போகிற அம்மாவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அன்று கிடைத்தது ஆயிரத்து எண்ணூறு. ஒரு டீ குடித்து முடிக்கும் நேரத்துக்கு.

அந்தக் காசை வாங்கிக்கொண்டேன். யோக்கியன் வேஷம் போட இதை எழுதவில்லை.

தாய்லாந்துக்குப் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆனதற்குப் பிறகு, என் மகள் எங்களைக் கிராபிக்கு அழைத்துப் போனாள். தென் தாய்லாந்தில் கடலோர மாகாணம். வாழ்க்கையில் முதல் முறையாக நான் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் பார்த்தேன். சுண்ணாம்புக்கல் குன்றுகள் கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக நிற்கின்றன. அதைப் பார்க்கத்தான் உலகமே வருகிறது. எனக்கு நினைவில் நின்றது ஒரு பாத்திக் துணிக்கடை. கடை வாசலிலேயே சட்டத்தில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, ஒரு பெண் உருகிய மெழுகால் மீன் வரைந்துகொண்டிருந்தார். மெழுகுக் கோட்டைத் தாண்டிச் சாயம் பரவாது. அதுதான் அந்த வேலையின் சூட்சுமம். முடித்ததும் மூலையில் தன் பெயரை அதே மெழுகால் எழுதினார். என் மனைவி வாங்கிய துணியில் அந்தப் பெயர் இருக்கிறது. எங்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் பெயர் பெயர்தான். எங்களை அங்கே இறக்கிவிட்ட டிரைவருக்கும் பங்கு போயிருக்கும், எனக்குத் தெரியாதா என்ன. ஆனால் செய்கிற ஆளை யாரும் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, கல்வெட்டுத் துறைப் பேராசிரியர் ஒருவர் வண்டியில் வந்தார். கிராபி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மாகாணத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் ஒரு சின்ன உரைகல் கிடைத்திருக்கிறதாம். தங்கத்தை உரசிப் பார்க்கும் கல். அதில் தமிழ் எழுத்து: 'பெரும்பதன் கல்'. பெரும்பத்தன் என்பவருடைய கல் என்று பொருள். வயது சுமார் 1,700 ஆண்டு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொற்கொல்லரை இன்றைக்கும் 'பத்தர்' என்றுதானே கூப்பிடுகிறோம். காது குத்த, தோடு திருகு மாற்ற பத்தர் கடைக்குத்தானே போகிறோம். கடல் தாண்டிப் பிழைக்கப் போன ஒரு பத்தர் தன் கல்லில் தன் பெயரை வெட்டி வைத்திருந்தார். அதே தென் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 'அவனிநாரணம்' என்ற குளத்தைச் சொல்கிறது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். ராஜா பெயர் குளத்துக்குப் போவது வழக்கம்தான். பத்தர் பெயர் ஒரு கல்லில் தங்கியதுதான் அதிசயம்.

நம் பக்கத்தையே பாருங்கள். பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகை இருக்கிறது; பிற்காலத்தில் தர்கா ஆகிவிட்டது. அதில் அரசனின் விருதுப் பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவன் பெயர் இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் பாறைக்கு உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சார்னோக்கைட். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரர் கல்லறை மேல் அந்தக் கல் கிடப்பதால் வந்த பெயர். அடியில் படுத்தவர் பெயர் பாறைக்கே போய்விட்டது. அதை இழைத்துச் செதுக்கிய கை எந்தக் கை, யாருக்குத் தெரியும்?

"எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான், சிற்பி பெயர் போட்டுக்கொள்ள மாட்டான், அது மரபில்லை" என்பார்கள். நானும் நம்பினேன். பேராசிரியர் பூஞ்சேரி வந்ததும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், நான் ஆயிரம் முறை தாண்டிய இடம். 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததே, அந்தப் பூஞ்சேரிதான். நொண்டி வீரப்பன் தோப்பு என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு பாறை. அதில் பல்லவர் காலத்துச் சிற்பிகளின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன். திருவொற்றியூரிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவரின் பெயரும் உண்டு. பேராசிரியர் விரலால் தடவித் தடவிப் படித்தார். நான் வெயிலில் குடை பிடித்தேன். கொல்லன் பெயரைப் படித்தபோது எனக்குத் தகரக் கொட்டகையில் உளி காய்ச்சியவர் முகம் வந்தது. சேமகனும் யாருடைய உளிக்கோ முனை பிடித்துக் கொடுத்தவராகத்தானே இருந்திருப்பார்.

ஆக, பெயர் போடாதது மரபு என்பது முழு உண்மை இல்லை. பெயர் போட்ட மரபும் அதே ஊர்ப் பக்கத்திலேயே, பாறையில் இருக்கிறது.

மாமல்லபுரத்துக்குப் பட்டங்கள் குறைவில்லை. 1957இல் சிற்பம் கற்பிக்க அரசே கல்வி நிலையம் தொடங்கியது. 1984இல் யுனெஸ்கோ பட்டியல். 2015இல் உலகக் கைவினைக் கழகம் கல் சிற்ப நகரம் என்று அறிவித்தது. 2017இல் மாமல்லபுரம் கல் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு. எல்லாம் ஊருக்கு. குறியீடு வந்ததால் அந்தப் பெயரில் வேறு ஊரில் போலி செய்து விற்றால் தடுக்கலாம், நல்லதுதான். ஆனால் பதினோரு நாள் காதோடு மல்லுக்கட்டியவருக்கு அதில் இடம் எங்கே?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. விற்கிற ஒவ்வொரு சிலைக்கும் அடியில், பீடத்தின் கீழ்ப்பக்கம், செய்தவர் பெயரும் ஊரும் இரண்டு வரி வெட்டட்டும். சாமி முகத்தில் வெட்டச் சொல்லவில்லை. ரசீதில் பட்டறையின் போன் நம்பர் இருக்கட்டும். அரசின் பூம்புகார் கடைகளே முதலில் தொடங்கலாம். அவர்கள் செய்தால் மற்றவர்கள் செய்தாக வேண்டும்.

இதை ஒரு கடைக்காரரிடம் சொன்னேன். சிரித்தார். "நம்பர் போட்டா அடுத்த தடவை நேரா அவன்கிட்டயே போயிடுவாங்களே, நான் வாடகை கட்ட வேணாமா? உனக்குக் கமிஷன் எங்கிருந்து வரும்?" நியாயமான கேள்வி. நாற்பது அடி சாலையோரக் கடைக்கு வாடகை என்னவென்று எனக்கும் தெரியும். சீசன் இல்லாத மாதங்களில் அந்தச் சிற்பிக்கும் கூலி கொடுத்துக் காப்பாற்றுவது அவர்தான். ஆனால் பெயர் தெரிந்தால் வியாபாரம் போய்விடும் என்றால், இத்தனை நாள் நாம் விற்றது கல்லை இல்லை, அந்த ஆள் யார் என்று தெரியாததைத்தான் விற்றிருக்கிறோம்.

போன தை மாதத்திலிருந்து நான் கடை வாசலில் நிறுத்துவதில்லை. கேட்கிறவர்களைப் பட்டறைக்கே அழைத்துப் போகிறேன். உளிச் சத்தம் கேட்டதும் குழந்தைகள் முதலில் இறங்கி ஓடுகின்றன. அந்தப் பிள்ளையார் செய்தவர் இப்போது அங்கே ஒருவரோடு கூட்டு வைத்திருக்கிறார். வருமானத்தில் எனக்கு நன்றாகவே அடி. வீட்டில் பேச்சும் வாங்குகிறேன். எல்லா டிரைவர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. டியூ கட்டுகிறவன் கஷ்டம் டியூ கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

உங்களிடம் கேட்க மட்டும் ஒன்று இருக்கிறது. அடுத்த முறை சிலை வாங்கும்போது, யார் செய்தது என்று கேளுங்கள். "நம்ம ஆளுங்க" என்றால் விடாதீர்கள், பெயர் கேளுங்கள். போகிற வழியில் பூஞ்சேரியில் பத்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். என் வண்டி என்றால் வெயிட்டிங் சார்ஜ் கிடையாது.