தட்டு நிறைய சோறு, ஆனாலும் பட்டினி!

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். உத்திரமேரூரில் பஸ் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆயாவின் குரல் கேட்டது. "வீம்புக்குன்னே சாப்ட மாட்டேங்குறாரு. நான் ஆக்குறது புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லட்டுமே!"

தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒரு காய்ச்சல் வந்து போனதிலிருந்து தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறார். கருவாட்டுக் குழம்பு என்றால் மறுசோறு கேட்கிற மனுஷர் அவர். இப்போது கேட்டால் ஒரே பதில்தான். "பசிக்கல பாப்பா."

ஆயா அதை நம்பவில்லை. நிஜத்தைச் சொன்னால் நானும் நம்பவில்லை. இந்த வாரப் பத்திக்காக பி.கே.ஆனந்த் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

பால் கிருஷ்ண ஆனந்த், 1917-ல் லாகூரில் பிறந்த உடலியல் மருத்துவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், ஜான் ப்ரோபெக் என்பவருடன் சேர்ந்து எலிகளை வைத்து ஆராய்ந்தார். மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. அதன் இரண்டு பக்கவாட்டிலும் மிகச் சிறிய ஒரு புள்ளியை மின்சாரம் செலுத்திச் செயலிழக்க வைத்தார்கள். ஒரு பக்கம் மட்டும் போனால் எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கமும் போனதும் சாப்பாட்டையே நிறுத்திவிட்டது. வயிறு நன்றாக இருக்கிறது, தீனி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனாலும் பட்டினி கிடந்தே செத்தது. 1951-ல் இதை வெளியிட்டு, அந்த இடத்துக்கு 'உணவு மையம்' என்று பெயர் வைத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான சங்கதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஹைபோதலாமஸின் நடுப்பகுதி பழுதானால் எலி அளவில்லாமல் தின்று குண்டாகும். "வாயைக் கட்ட மாட்டியா?" என்று வீட்டில் திட்டு வாங்குகிறவர்கள் இந்தப் பத்தியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

டெல்லி எய்ம்ஸ் 1956-ல் தொடங்கியபோது உடலியல் துறையைக் கட்டி எழுப்பியவர் ஆனந்த். அங்கே அவருடைய குழு, ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது இந்த மையங்களின் மின் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தது. போதும் என்று சொல்லும் மையம் சுறுசுறுப்பாகும், பசி மையம் அடங்கும். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஒரு யோகியை உட்கார வைத்து, அவர் எவ்வளவு ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்கிறார் என்று அளந்ததும் இதே குழுதான். அது தனிக் கதை, இன்னொரு வாரம் பார்க்கலாம்.

சரி, அந்த மையங்கள் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன? அதற்கான பதில் பின்னால் வந்தது. நியூரோபெப்டைடுகள். அமினோ அமிலங்களைச் சரம் மாதிரி கோத்த குட்டிச் சங்கிலிகள். 1982-ல் பன்றியின் மூளையிலிருந்து 'நியூரோபெப்டைடு ஒய்' பிரித்தெடுக்கப்பட்டது. 36 மணிகள் கொண்ட சரம். அதை எலியின் மூளையில் செலுத்தினால், வயிறு நிறைந்திருந்தாலும் மறுபடி தின்னும். 1998-ல், ஆனந்த் காட்டிய அதே பக்கவாட்டுப் பகுதியில் 'ஒரெக்சின்' கிடைத்தது. பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். ஆனால் அதன் பெரிய வேலை நம்மை விழிப்பாக வைத்திருப்பது என்று பிறகு தெரிந்தது. பசிக்கு ஒரே ஒரு 'சுவிட்ச்' என்று நினைத்ததும் மாறிவிட்டது. அந்த வழியாகப் போகிற வேறு நரம்புகளுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது 1954-ல் நடந்த ஒரு விஷயம். டீட்டல்பாம், ஸ்டெல்லர் என்ற இருவர், சாப்பிடாமல் போன எலிகளைச் சாகவிடாமல் குழாய் வழியாக ஊட்டிக் காப்பாற்றினார்கள். நாள் போகப் போக அவை திரும்பவும் சாப்பிட ஆரம்பித்தன. முதலில் ருசியான, ஈரமான உணவு மட்டும். ரொம்ப நாள் கழித்துத்தான் வழக்கமான தீனி.

எலி வேறு, தாத்தா வேறு. வயசானவருக்குப் பசி போக நூறு காரணம் இருக்கலாம். அதனால் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். ரத்தம் பரிசோதித்தார், சாப்பிடுகிற மாத்திரைகளை எல்லாம் வாங்கிப் பார்த்து அதில் ஒன்றை மாற்றினார். "வாரா வாரம் எடை பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி குடுங்க. திட்டாதீங்க" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ஆயாவைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் எலிக் கதையை ஆயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப அந்தாளு வேணும்னு பண்ணலியா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் பெரிய தட்டு இல்லை. சின்ன டம்ளரில் கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்து. பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு வாய் போதும், குடிங்க" என்றார் ஆயா. தாத்தா நாலு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"உப்பு கம்மி."

ஆயா எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினார்.