வாடகை வராத கடையும் ஆமைப்பூட்டும்

கஸ்தூரியார் வீதியில் என் பெரியம்மாவுக்கு ஒரு சிறிய கடை இருந்தது. பெரியப்பா காலமான பின்னர் அவருக்கு வருமானம் என்று சொல்ல அந்த வாடகை ஒன்றுதான். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்து பட்டணம் களைகட்டியபோது வந்த வாடகைக்காரர், முதல் சில மாதங்கள் ஐந்தாந் திகதிக்குள் பணத்தைத் தந்தார். பின்னர் அது பதினைந்தாந் திகதியாயிற்று. அதன்பின் அடுத்த மாதமாயிற்று. அடுத்த ஆண்டின் நடுவில் ஏழு மாத வாடகை நிலுவை. கேட்கப் போனால் தேநீர் வருவித்துத் தருவார், பணம் தரமாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன், கடைக் கதவில் புதிய ஆமைப்பூட்டு ஒன்றைக் கொழுவிவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை பெரியம்மா பொலிஸ் நிலையத்தில் இருந்தார்.

இலண்டனில் கடை வைத்திருக்கும் நம்மவர்க்கு இது வியப்பாயிருக்கலாம். இங்கிலாந்தில் வணிக இடத்தின் வாடகை தவறினால், குத்தகை உறுதி அதற்கு இடந்தரும்போது, உரிமையாளர் வன்முறையின்றி உட்புகுந்து பூட்டை மாற்றலாம். கொரோனாக் காலத்தில் அவ்வுரிமையை 2022 மார்ச் 25 வரை நிறுத்திவைக்கத் தனிச் சட்டமே வேண்டியிருந்தது. இலங்கையில் நிலைமை வேறு. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வழக்கு வந்தால், அதற்கு முந்திய இரண்டு மாதத்துள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கே இடத்தைத் திருப்பிக் கொடுக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். எத்தனை மாத வாடகை பாக்கி என்பது அங்கே கேள்வியன்று. யார் இருப்பில் இருந்தார் என்பதே கேள்வி. திறப்பு மீண்டும் கடைக்காரர் கைக்குப் போயிற்று. அண்ணனுக்கு ஒரு பூட்டின் விலையும் சட்டத்தரணியின் கூலியும் நட்டம்.

சட்டம் இதில் அநியாயம் செய்தது என்று அன்று எழுத நினைத்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு உரிமையாளரும் தாமே நீதவானாகிவிட்டால் பெரியகடையில் ஒரு கடையும் நிம்மதியாகத் திறக்காது. ஆனால் பூட்டுப் போடாதே என்று சொல்லும் சட்டம், மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு விதவை வருடக்கணக்கில் தவணைக்குத் தவணை அலைவதைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. என் கோபம் முழுவதும் அந்த இழுபறியின் மேல்தான்.

பிழையில் பாதி எங்களுடையது. ஐந்து வருடக் குத்தகை என்று கொப்பித் தாள் ஒன்றில் எழுதி, முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்திருந்தோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்பட வேண்டும். ஆகவே அந்தத் தாள் ஐந்து வருடத்துக்குச் செல்லாது; கிடைத்தது வெறும் மாத வாடகை உறவு. எத்தனையாந் திகதிக்குள் பணம் வரவேண்டும், எத்தனை நாள் சலுகை, தவறினால் எவ்வாறு அறிவித்தல் கொடுப்பது என்பன ஒன்றும் அதில் இல்லை. "தெரிந்த பிள்ளை" என்றார் பெரியம்மா. பாக்கியைக் கேட்பதற்கும் கால எல்லை உண்டு. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைக்கு அது மூன்று ஆண்டுகள்.

1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகைக்காரருக்குச் சாய்வாக இயற்றப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. நியம வாடகை நூறு ரூபாய்க்கு மேற்படாத இடத்தில் மூன்று மாத நிலுவை சேர வேண்டும். அதன்பின்னும் அறிவித்தற் காலம் முடியுமுன் முழுப் பாக்கியையும் கொண்டுவந்து வைத்துவிட்டால் வெளியேற்ற இயலாது. உரிமையாளர் வாங்க மறுத்தால் உள்ளூராட்சிச் சபையிற் கட்டலாம். வறியவரின் குடியிருப்பைக் காக்க அது வேண்டியிருந்தது. கடைக்கும் அதே மனத்தோடு நாம் பழகிவிட்டோம் என்பதே என் குறை.

2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மீட்க விரைவான ஒரு வழியைத் திறந்தது. அந்த வழியும் நொத்தாரிசு உறுதி வைத்திருப்பவருக்கே. கொப்பித் தாளை நம்பியவர் பழைய நீண்ட பாதையிலேயே நடக்கவேண்டும். கனடாவிலும் சுவிஸிலும் இருந்துகொண்டு ஊர்க் கடையைத் தொலைபேசியில் வாடகைக்கு விடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாடகைக்காரரின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இது அரைகுறைக் கட்டுரை. 1995 ஒக்ரோபர் 30 இல் பட்டணமே வெளியேறியபோது பூட்டிவிட்டுப் போன கடைக்கு யார் வாடகை கேட்பது? 2016 இன் காலாவதிச் சிறப்பு ஏற்பாடுகள் சட்டம் இடம்பெயர்ந்தோரின் அசையா ஆதன உரிமைக்குக் கைகொடுத்தது. திறக்காத கடையின் வாடகையை அது தொடவில்லை. 2022 இன் மின்வெட்டு மாதங்களில் கடைக்காரரைத் துரத்தியவர்கள் பலர் வெறுங்கடையையே வைத்திருந்தார்கள். அவ்வேளையில் தவணை முறைக்கு எழுத்தில் இணங்கியவர்களே கெட்டிக்காரர்.

எங்கள் கடையை மீட்டது நீதிமன்றமன்று. 2006 ஆகஸ்டில் ஏ9 மீண்டும் மூடப்பட்டது. சாமான் வரவில்லை, வியாபாரம் படுத்தது. சில மாதங்களில் அந்த மனிதர் தாமாகவே திறப்பைக் கொண்டுவந்து பெரியம்மாவிடம் கொடுத்தார். பாக்கியைப் பற்றி இருவரும் பேசவில்லை. பெரியம்மாதான் அன்று தேநீர் கொடுத்தார்.

போர் முடிந்து பாதை திறந்தபின் வந்த அடுத்த வாடகைக்காரரை அவர் முதன்முதலாகச் சந்தித்தது நொத்தாரிசின் கந்தோரில்.