எத்தனை பேர் வந்தார்கள்?

கூட்டம் ஒன்றுக்குச் சென்று அலுவலகம் திரும்பும் நிருபரிடம் முதலிற் கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு: "சனம் எவ்வளவு?" அரசியற் கூட்டமானாலும், ஆலயத் திருவிழாவானாலும், நூல் வெளியீடானாலும், அதற்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே செய்தி முதற்பக்கத்துக்குப் போவதா, உட்பக்கமொன்றின் மூலையில் ஒதுங்குவதா என்பது தீர்மானமாகும். மூன்று தசாப்தங்களாக நானும் அக்கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்துவதன்று என்பதை எனக்கு உணர்த்தியது, நான் அதிகம் பயின்றிராத ஓர் இசையின் வரலாறு.

2005 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை மாலை, அந்நகரின் கலை அருங்காட்சியகத்துக்குரிய பிங் அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சி ஒன்றுக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டியது. 'திங்கள் மாலைக் கச்சேரிகள்' என்பது அத்தொடரின் பெயர். சமகால ஐரோப்பிய, அமெரிக்க இசையமைப்பாளர்களின் அறையிசையே அங்கு இசைக்கப்படுவது. அறையிசை என்றால் பெரிய வாத்தியக் குழுவின் முழக்கமன்று. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என்பது போல ஒரு சிலர் மட்டும் அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியைத் தனியே தாங்கி இசைப்பது. அறுநூறு பேர் அமரக்கூடிய அரங்கில் பாதிக்கு மேல் வெறுமையாயிருந்தது. தொழிற் பழக்கம் விடவில்லை. நான் தலைகளை எண்ணினேன்.

இசை எனக்கு முழுமையாகப் பிடித்தது என்று சொன்னால் அது பொய். சில இடங்களில் வியந்தேன். சில இடங்களில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆனால் அத்தொடரின் கதையைத் தேடிப் படித்தபோது எனது எண்ணிக்கை எவ்வளவு அற்பமானது என்பது விளங்கிற்று.

பீட்டர் யேற்ஸ் என்ற அரசாங்க உத்தியோகத்தரும், பியானோக் கலைஞரான அவர் மனைவி பிரான்சஸ் மலனும் 1939 இல் இதைத் தொடங்கினர். கட்டடக் கலைஞர் ருடொல்ப் ஷின்ட்லர் அவர்களது சிறிய வீட்டின் மேல் அமைத்துக் கொடுத்த மாடியறையே முதல் அரங்கு. ஆகவே 'மாடி மாலைகள்' என்று பெயரிட்டனர். முதல் நிகழ்ச்சியில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டொக்கின் ஆக்கங்கள் இசைக்கப்பட்டன. அன்று அவரது இசைக்கு அந்நகரில் சந்தை ஏதும் இருக்கவில்லை. இக்கச்சேரிகள் இசைப்போரின் மகிழ்வுக்காகவே நடத்தப்படுகின்றன, கேட்க எவர் வந்தாலும் வராவிட்டாலும் நடக்கும் என்பதே அத்தம்பதியரின் கொள்கை. பின்னர் மாடியை விட்டு நகர மண்டபங்களுக்குச் சென்றபோதும் அக்கொள்கை மாறவில்லை.

இசைத்தவர்கள் யார்? அவர்களிற் பலர் ஹொலிவூட் ஸ்டூடியோக்களில் திரைப்படங்களுக்கு வாசித்துச் சம்பளம் பெற்றவர்கள். பகலில் காதற் காட்சிக்கும் குதிரைத் துரத்தலுக்கும் வாசித்த அதே விரல்கள், இரவில் சொற்ப ஊதியத்துக்கு ஷொன்பேர்க்கையும் வேபேர்னையும் ஒத்திகை பார்த்தன. வயிற்றுக்கு ஒன்று, மனத்துக்கு ஒன்று என்று வாழ்வதன் அருமை, பகலில் செய்தி எழுதி இரவில் சிறுகதை எழுதிய நம்மவர் பலருக்குத் தெரியும்.

1954 இல் யேற்ஸ் விலக, லோரன்ஸ் மோர்ட்டன் பொறுப்பேற்றார். தொடரின் பெயரும் 'திங்கள் மாலைக் கச்சேரிகள்' ஆயிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில், முந்திய ஆண்டு மறைந்த கவிஞர் டிலன் தொமஸின் நினைவாக ஸ்ட்ராவின்ஸ்கி இயற்றிய ஆக்கம் முதன்முறையாக அங்கு அரங்கேறியது. ஒரு பாடகர், நான்கு தந்தி வாத்தியங்கள், நான்கு ட்ரொம்போன்கள், அவ்வளவுதான். எழுத்தாளர் அல்டஸ் ஹக்ஸ்லி அன்று உரை நிகழ்த்தினார். 1957 மார்ச்சில் பிரான்சிலிருந்து வந்த பியேர் பூலெஸ், இன்று இருபதாம் நூற்றாண்டின் முக்கிய படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படும் தமது ஆக்கத்தை அங்கு நெறிப்படுத்தினார். உள்ளூர்க் கலைஞர்கள் அக்கடினமான இசைக்கு ஏற்கெனவே பழகியிருந்ததாலேயே வெளியூர்க்காரர் வந்திறங்கி அதை நடத்த முடிந்தது. உள்ளூரில் வேரில்லாத இடத்தில் விருந்தினர் வருகை ஒரு நாள் வாணவேடிக்கையாக முடிந்துவிடும்.

இனி, கேட்டவர்கள் யார் என்பதையும் பார்ப்போம். சபையில் அடிக்கடி அமர்ந்திருந்த முதியவர்களுள் ஒருவர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1882 இல் பிறந்தவர். உலகப் புகழின் உச்சியில் இருந்தவர். வேபேர்னின் இசையை நெறியாளர் ரொபேர்ட் கிராப்ட் உள்ளூர்க் கலைஞரைக் கொண்டு பயிற்றுவித்த ஒத்திகைகளிலும் கச்சேரிகளிலும் கேட்டு, எழுபது வயதில் தமது பாணியையே அவர் மாற்றிக்கொண்டார். கிராப்ட் அக்கலைஞர்களைக் கொண்டே வேபேர்னின் ஆக்கங்களைத் தொகுத்து ஒலிப்பதிவு செய்தார்; 1957 இல் வெளிவந்த அவ்விசைத்தட்டுகள் பல நாடுகளின் இளைய இசைஞர்களைச் சென்றடைந்தன. பதின்ம வயதில் இத்தொடரோடு தொடர்புகொண்ட மைக்கல் டில்சன் தொமஸ் பின்னாளில் உலகறிந்த நெறியாளரானார். சனம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் இவை எதுவும் பதிவாகியிராது.

ஆயினும் 2006 இல் அருங்காட்சியகம், 1965 முதல் தான் இடமளித்துவந்த இத்தொடரைக் கைவிட்டது. அச்செய்தியை வாசித்து நான் கோபமுற்றேன். அக்கோபத்துக்கு எனக்கு உரிமை உண்டா என்பதைச் சில ஆண்டுகளின் பின்னர் அறிந்தேன்.

2012 இல் நான் ஒரு வாரமலருக்குப் பொறுப்பாக இருந்தேன். முதிய விமர்சகர் ஒருவர் மாதம் இருமுறை இசை பற்றி அரைப் பக்கம் எழுதிவந்தார். கடதாசி விலை ஏறியது; விளம்பரப் பகுதியினர் அந்த இடத்தைக் கேட்டனர். வாசகர் கடிதம் எதுவும் வருவதில்லை என்பதைக் காரணங்காட்டிப் பத்தியை நிறுத்தினேன். தொலைபேசியில் அவர் வாதாடவில்லை. "தம்பி, பத்துப் பேர்தான் வாசிக்கினம் எண்டு வையுங்கோ. அந்தப் பத்துப் பேர் ஆர் எண்டு பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. இன்று அவர் இல்லை. பக்கம் மட்டும் வேறு விளம்பரங்களோடு வந்துகொண்டிருக்கிறது.

மறுதரப்பு வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பொதுப்பணத்தில் இயங்கும் நிறுவனம் ஒரு சிலரின் சுவைக்கு ஏன் இடமளிக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. 'சிலருக்கே புரியும்' என்பதைப் பெருமையாகச் சூடிக்கொண்டு கதவடைக்கும் கலைஞர்களும் உளர். 1918 இல் வியன்னாவில் ஷொன்பேர்க் அமைத்த தனிப்பட்ட இசைச் சங்கம் கைதட்டலைத் தடைசெய்தது. பத்திரிகை விமர்சகர்களையும் உள்ளே விடவில்லை. பத்திரிகைக்காரன் என்ற முறையில் அதை என்னால் ஏற்க முடியாது. ஆனால் அதே சங்கம் ஒவ்வோர் ஆக்கத்தையும் பல ஒத்திகைகளின் பின்னரே மேடையேற்றியது. ஒரே ஆக்கத்தை மீண்டும் மீண்டும் இசைத்துக் காதுக்குப் பழக்கியது. 1921 இல் பணவீக்கம் அதை மூடவைத்தது.

ஆகவே சிறு சபை என்பதே ஒரு தகுதியாகிவிடாது. கதவு திறந்திருக்க வேண்டும்; ஒத்திகை குறையாதிருக்க வேண்டும்; நாள் தவறாதிருக்க வேண்டும். இம்மூன்றும் இருக்குமாயின், வந்தவர் இருபது பேரானாலும் அது பொதுச்சேவையே. நூலகத்தில் ஆண்டுக்கொருவர் மட்டும் எடுக்கும் நூலை நாம் எரித்துவிடுவதில்லை. அந்த ஒருவருக்காகவே அது அலுமாரியில் இருக்கிறது.

திங்கள் மாலைக் கச்சேரிகள் அருங்காட்சியகத்தோடு மடிந்துவிடவில்லை. ஆர்வலர்கள் அதைச் சுயாதீன அமைப்பாக்கி வேறு அரங்குகளில் தொடர்ந்தனர். நான் தலைகளை எண்ணிய பிங் அரங்கு 2020 இல் இடிக்கப்பட்டது. கட்டடம் போயிற்று, கச்சேரி நின்றது.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ரொறன்ரோவிலோ, நாற்பது கதிரைகள் போட்டு இருபது பேருக்கு இசையோ நாடகமோ கவிதையோ வழங்கிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசிப்பீர்களாயின், எண்ணிக்கை கண்டு சோர வேண்டாம்; அடுத்த மாதமும் அதே நாளில் கதவைத் திறவுங்கள். பத்திரிகைகளில் இன்று பொறுப்பிலிருக்கும் இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நிருபர் திரும்பி வந்ததும் சனம் எவ்வளவு என்று கேளுங்கள், அதோடு நிறுத்திவிடாது, என்ன கேட்டாய் என்றும் கேளுங்கள். எனக்கு அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தோன்றியபோது, பதில் சொல்ல வேண்டியவர் போய்விட்டார்.