களனிவெளிக் கோச்சியைக் கிளப்பிவிட்டுத் தெருவா?

ஆசிரியருக்கு,

களனிவெளி ரயில் பாதையைக் கிளப்பிவிட்டு அந்த நிலத்தில் வாகனத் தெரு போடலாம் என்று கடந்த இதழில் ஒரு யோசனை வந்திருந்தது. காலையில் அவிசாவளைப் பக்கமிருந்து மருதானைக்கு வரும் கோச்சியில் ஒருநாளாவது ஏறியவர் இப்படி எழுதமாட்டார். மஹரகம தாண்டும்போதே மிதிபலகையில் ஆட்கள் தொங்குகிறார்கள். நுகேகொடையில் காத்து நிற்கும் பெண்களுக்குக் கால் வைக்க இடமில்லை. இவர்களைக் கண்ட பிறகும் அதை "காலாவதியான பாதை" என்று எழுத எப்படி மனம் வந்தது?

பழைய பாதைதான். தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்கு இறக்க வெள்ளைக்காரர் போட்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. 1902இல் அவிசாவளையை எட்டி, 1912இல் இரத்தினபுரிக்கும் 1919இல் ஓபநாயக்கவுக்கும் நீண்டது. யட்டியந்தோட்டைக் கிளையை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிடுங்கினார்கள். அவிசாவளைக்கு அப்பால் ஓடியதை 1970களில் நிறுத்தினார்கள். பிடுங்கிய இடத்துக்கு ரயில் திரும்பி வந்ததா? இரத்தினபுரிக்காரர் இன்றைக்கும் பஸ்ஸைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

ஊர்ந்து போகிறது என்பது அடுத்த குற்றச்சாட்டு. 1990களில் பாதையை ஐந்தரை அடிக்கு அகலமாக்கியவர்கள் வளைவுகளை நிமிர்த்தவில்லை. தோட்டத்துச் சிறு ரயிலுக்காக மேடு பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வெட்டிய தடத்தில் பெரிய பெட்டிகளை ஓடவிட்டால் வேகம் எங்கிருந்து வரும்? அதிலும் ஒற்றைத் தடம். எதிரே வருகிற வண்டி நிலையத்தை அடையும்வரை இது காத்துக்கிடக்க வேண்டும். அரைகுறையாகச் செய்த வேலைக்குப் பயணிகளைத் தண்டிப்பது என்ன நியாயம்?

கடவைகளில் வாகனங்கள் தேங்குகின்றனவாம். நுகேகொடையில் மேம்பாலம் கட்ட முடிந்த நாட்டுக்கு மற்றக் கடவைகளில் கட்ட முடியாதா? பொரளைப் பக்கம் கோல்ப் மைதானத்துக்குள்ளேயே பாதை போகிறது. அங்கே விளையாடுகிறவர்கள்கூடக் கோச்சி கடக்கும்வரை பொறுத்து நிற்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சில நிமிடம் முடியவில்லை.

பக்கத்திலேயே ஹைலெவல் வீதி காலையும் மாலையும் அடைத்துக் கிடக்கிறது. இன்னொரு தெரு போட்டால் அதுவும் அப்படியே அடைபடும். கோச்சியில் வந்த கூட்டம் அந்த நெரிசலில்தான் இறங்கும். ஆட்சிக்கு ஆட்சி ஆய்வு செய்து அறிக்கை எழுதும் அதிகாரிகள் காரிலேயே அலுவலகம் போவதால் இது அவர்களுக்கு உறைப்பதில்லை. முதலில் ஹோமாகமவரையாவது இரண்டாவது தடம் போடட்டும், மோசமான வளைவுகளை நிமிர்த்தட்டும், காலையில் இரண்டு வண்டிகளைக் கூட்டி விடட்டும்.

இங்ஙனம்,
வாசகர்,
பன்னிப்பிட்டி