தேத்தண்ணிக்கு நிறக்குறி இல்லை

2016 ஆகஸ்டிலிருந்து இலங்கையில் சோடாப் போத்தல்களில் சீனியைக் காட்டும் நிறக்குறி உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு. 2017 இல் சீனிக்கேற்ற வரியும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தீவகத்தில் சீனி போத்தலில் மட்டும் வருவதில்லை. நாளுக்கு நாலைந்து தரம் குடிக்கும் தேத்தண்ணியிலும் வருகிறது. இடம்பெயர்ந்த நாட்களில் தேத்தண்ணியால் பசியடக்கிய தலைமுறையிடம் 'சீனியை விடுங்கோ' என்று சொல்வது இலேசு, கேட்பதுதான் கஷ்டம்.

பனங்கட்டி எங்கட சாமான், சலரோகத்துக்கு ஒன்றும் செய்யாது என்பார்கள். அதிலும் பெரும்பகுதி சுக்குரோசுதான், சீனியில் உள்ள அதே பொருள். ஆனாலும் வெறுந்தேத்தண்ணியோடு கடிக்கும்போது அளவு கண்ணுக்குத் தெரியும். காலையில் ஒரு சிறு துண்டை எடுத்து வைத்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ஒடியற்கூழை விலக்கத் தேவையில்லை. மீன், நண்டு, பயற்றங்காய், முருங்கையிலை எல்லாம் சேரும் சாப்பாடு அது. ஒடியல் மாவும் மாச்சத்துத்தான் என்பதால் கூழுக்குப் பிறகு சோறு வேண்டாம்.

இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கடலுக்குப் போகிறவர் மட்டும் பனங்கட்டியை மடியில் வைத்திருக்க வேண்டும். சீனி இறங்கி மயக்கம் வந்தால், குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் ஆஸ்பத்திரி இல்லை.