காசுக்கு ஈடான காகிதம்

கையில் காசில்லாதவர் இரயிலேற இயலுமா? இயலும். காசுக்கு ஈடாக ஒரு காகிதத்தைப் பெற்றுக்கொண்டு பயணச்சீட்டு வழங்கும் வழக்கம் நம் நாட்டு இரயில்வேயில் நெடுங்காலமாக உண்டு. படையில் பணியாற்றும் பிள்ளைகளைப் பெற்ற இல்லங்களுக்கு ‘வாரண்ட்’ என்னும் சொல் புதிதன்று. வாரண்ட் என்பது பயணச்சீட்டு அன்று. அதை நிலையத்தில் கொடுத்துப் பயணச்சீட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். படைவீரர் காசு கொடுப்பதில்லை. அக்கட்டணத்தை இரயில்வே பின்னர் அவருடைய துறையிடம் கணக்கிட்டுப் பெற்றுக்கொள்கிறது. சில மாநிலங்களில் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இரயில் பயணக் கூப்பன்கள் வழங்கப்படுகின்றன. இரயில்வே ஊழியருக்கு ‘பாஸ்’ உண்டு. நோயாளிக்கும், மாற்றுத்திறனாளிக்கும், மாணவருக்கும் சலுகைப் படிவம் உண்டு.

இவை ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் காகிதத்திற்குப் பின்னால் நின்று பணம் கொடுப்பவர் யார்? கொடுத்ததை அவர் யாரிடம் வசூலிக்கிறார்? இதற்கு வரும் விடையைப் பொறுத்தே அது உரிமையா, உதவியா, அல்லது விலங்கா என்பது தெரியவரும். இக்கேள்வியின் முழுப் பொருளையும் தன் கண்ணெதிரே கண்ட ஊர் நம் தூத்துக்குடி.

தூத்துக்குடிக்கு இரயில் வந்தது 1876-ஆம் ஆண்டில். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி வழி ஏற்படும்வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்வோர் இரயிலில் இங்கு வந்து இங்கிருந்தே கப்பலேறினர். அந்நாளில் கரையோரம் ஆழம் போதாமையால் கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் படகுகளே கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வாறு சென்றவர்களில் மிகப் பலர் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட ஏழைத் தொழிலாளர். மணியாச்சியிலிருந்து வரும் இருப்புப்பாதையிலுள்ள தட்டப்பாறையில் அவர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. அங்குத் தங்கி, நோயில்லை என்று தெரிந்த பின்னரே கப்பலேற அனுமதி கிடைக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்குக் காகிதச் சீட்டு கொடுக்கப்படவில்லை. ஒரு தகரவில்லை கொடுக்கப்பட்டது. ‘தகர டிக்கெட்’ என்பது அதன் பெயர். தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கங்காணி அதைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து, தான் சேர்த்த ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பார். எழுத்தறியாதவரும் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டால் போதும். முகாமிலும் கப்பலிலும் அக்கரையிலும் ஒருவரும் அவரிடம் காசு கேட்கமாட்டார்கள். வழிச்செலவு முழுவதும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

காசில்லாதவனைக் கடல் கடத்தி விட்ட அருமையான ஏற்பாடு என்று தோன்றுகிறது அன்றோ? ஆனால் நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். தோட்டம் கொடுத்த பணத்தை யாரிடம் வசூலித்தது? அத்தொழிலாளியிடமே! வழிச்செலவும், புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணமும் அவன் பெயரில் கடனாக எழுதப்பட்டன. தோட்டத்தில் கால் வைக்கும்போதே அவன் கடனாளி. வேறு தோட்டத்திற்குப் போக விரும்பினாலோ, அவனுடைய கடன் இவ்வளவு, அதைச் செலுத்துவோருக்கு இவனை விட்டுத்தருகிறோம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். ‘துண்டு’ என்று அதற்குப் பெயர். இவ்வாறு ஒரு வில்லை அவனை அழைத்துச் சென்றது. ஒரு துண்டு அவனைக் கட்டி வைத்தது.

1921-இல் இலங்கையில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923-இல் தோட்ட முதலாளிகள் செலுத்தும் பணத்தைக் கொண்டு ஒரு பொது நிதி ஏற்படுத்தப்பட்டது. அதன்பின் தொழிலாளியின் வழிச்செலவை அந்நிதி ஏற்றது. அது அவன் தலையில் கடனாக விழவில்லை. தோட்ட வாழ்வின் துன்பங்கள் அத்துடன் தீர்ந்துவிட்டன என்று நாம் கூறவில்லை. ஆயினும் பயணம் அதே பயணம்தான், கடலும் அதே கடல்தான். பணம் கொடுப்பவர் யார் என்பது மாறியதும், அதே பயணத்தின் பொருளே மாறிவிட்டது.

இந்தப் பழங்கதை இன்று நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் தாய்க்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. கணவர் சங்கு குளிப்பவர். சென்னையில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கிற்று. மூன்று வாரத்திற்கு ஒருமுறை செல்ல வேண்டும். முதல் பயணத்திற்குக் காதணி அடகுக்குப் போயிற்று. இரண்டாம் பயணத்திற்கு வட்டிக்கு வாங்கினார்கள். மூன்றாம் பயணத்திற்கு அவர்கள் புறப்படவேயில்லை. ஏன் என்று வினவியபோது அவர், “மருந்து இலவசந்தான் சாமி, வழிச்செலவுக்குத்தான் வழியில்லை” என்றார். நோயாளிக்கு இரயிலில் சலுகை உண்டு என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பின்னர் மூத்த மகள் மருத்துவமனை அலுவலகத்தில் கேட்டு வாங்கிய படிவம் ஒரே ஒரு பக்கம். விட்டுப்போன சிகிச்சை மீண்டும் தொடங்கிற்று.

கந்து வட்டிக்கு வாங்கிய பணத்தில் எடுக்கும் பயணச்சீட்டு, அன்றைய தகர டிக்கெட்டின் மறுபிறவியே. ஏறும்போது எளிது, இறங்கியபின் கழுத்தை இறுக்கும். இலவசமாகக் கிடைக்கும் படிவம் இருக்க, இந்த வில்லையை நாமே ஏன் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும்?

ஆதலின் ஒவ்வொரு இல்லமும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுதுகிறோம்.

புற்றுநோயாளி சிகிச்சைக்காகவோ, மறுபரிசோதனைக்காகவோ செல்லும்போது, படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பிலும், மூன்றடுக்கு குளிர்சாதன வகுப்பிலும் அவருக்கு அடிப்படைக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. இதய அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கோ இரத்தச் சுத்திகரிப்புக்கோ செல்வோர், தலசீமியா நோயாளிகள் ஆகியோருக்கும் அவர்களுக்குத் துணையாகச் செல்லும் ஒருவருக்கும் இவ்விரு வகுப்புகளிலும் 75 சதவீதம். காசநோயாளிக்கும் துணைக்கும் படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். துணையின்றிப் பயணம் செய்ய இயலாத உடற்குறையுடையோர், மனவளர்ச்சி குன்றியோர், பார்வையற்றோர் ஆகியோருக்கும் துணைவருக்கும் 75 சதவீதம். செவித்திறனும் பேச்சுத்திறனும் முற்றிலும் இழந்தோருக்குப் பாதிக் கட்டணம். வெளியூரில் தங்கிப் படிக்கும் மாணவர் சொந்த ஊருக்கு வந்துபோக, இரண்டாம் வகுப்பில் பாதிக் கட்டணம்.

இச்சலுகையைப் பெறும் முறையும் கடினமன்று. முதலாவது, படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையின் மருத்துவர். மாணவருக்கெனில் கல்வி நிறுவனத்தின் தலைவர். முத்திரையும் தெளிவாக இருக்க வேண்டும். பங்குத்தந்தையின் கடிதம் கேட்டு நம்மிடம் வருவோர் உண்டு. அக்கடிதத்திற்கு இரயில் நிலையத்தில் மதிப்பில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். வீண் அலைச்சல் வேண்டாம்.

இரண்டாவது, நோயாளிக்கான படிவத்தை முன்பதிவு நிலையத்தில் நேரில் கொடுத்துப் பயணச்சீட்டைப் பெற வேண்டும். வண்டியில் ஏறியபின் பரிசோதகரிடம் படிவத்தை நீட்டிப் பயனில்லை. ஓடும் வண்டியில் சலுகைச் சீட்டு வழங்கப்படுவதில்லை. தட்கல் சீட்டுக்கும் சலுகை கிடையாது. ஆகவே அடுத்த சிகிச்சைக்கு மருத்துவர் நாள் குறித்த அன்றே, போவதற்கும் வருவதற்கும் பதிவு செய்துவிடுவது அறிவுடைமை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் முத்துநகர் விரைவு வண்டியில் இடம் எவ்வளவு விரைவில் நிரம்பும் என்பதை நாம் அறியோமா?

மூன்றாவது, தள்ளுபடி அடிப்படைக் கட்டணத்திற்கு மட்டுமே. முன்பதிவுக் கட்டணமும், அதிவிரைவு வண்டிக்கான கூடுதல் கட்டணமும் செலுத்தியே ஆக வேண்டும். முழுத் தள்ளுபடி என்று சொன்னார்களே, இதற்கு ஏன் பணம் கேட்கிறீர்கள் என்று அங்கிருக்கும் பணியாளரிடம் சச்சரவு செய்தல் முறையன்று. ஒரு பயணத்திற்கு ஒரு சலுகைதான். இரண்டைச் சேர்க்க இயலாது. சலுகைச் சீட்டில் பயணம் செய்பவர், வித்தியாசத் தொகையைச் செலுத்தி உயர்ந்த வகுப்புக்கு மாறிக்கொள்ளவும் இயலாது.

நான்காவது, துணைவரின் சலுகை துணையாக இருப்பதற்கே. நோயாளியுடன் அதே வண்டியில், அதே வகுப்பில் செல்ல வேண்டும். நோயாளி ஊரில் இருக்க, துணைவர் மட்டும் தனியே அச்சீட்டில் செல்வது குற்றம்.

முதியோருக்கு ஒரு சொல். ஆண்களுக்கு 60 வயதிலிருந்து 40 சதவீதமும், பெண்களுக்கு 58 வயதிலிருந்து 50 சதவீதமும் இருந்துவந்த சலுகை, பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. தொற்று நீங்கிய பின்னரும் அது திரும்பவில்லை. மாற்றுத்திறனாளிகளில் நான்கு பிரிவினருக்கும், நோயாளிகளில் பதினொரு பிரிவினருக்கும், மாணவர்களுக்குமே சலுகை எஞ்சியது. ஓய்வூதியமில்லாத மீனவ முதியவருக்கு இது பெரும் இழப்பே. இருந்ததை எடுத்துக்கொண்டபோது குரல் எழுப்ப நமக்கு உரிமை உண்டு. ஆனால் எஞ்சியிருப்பதை அறியாமையால் விட்டுவிடுவோமானால், அதையும் கேட்பாரில்லை என்று நாளை எடுத்துவிடுவது எளிதாகும்.

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். இந்தச் சலுகைக்குப் பின்னால் நின்று பணம் கொடுப்பவர் யார்? நோயாளியா? இல்லை. கங்காணியா? இல்லை. பயணி ஒருவருக்கு ஆகும் செலவில் சராசரியாக 46 சதவீதத்தை அரசே ஏற்கிறது என்று இரயில்வே அமைச்சர் நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறார். அரசின் பணம் என்பது வேறு எவருடைய பணமும் அன்று. தீப்பெட்டி வாங்கும் ஏழை உட்பட நாம் எல்லோரும் செலுத்தும் வரிப்பணமே. ஆகவே சலுகைப் படிவம் கருணையால் போடப்பட்ட பிச்சையன்று. நலமாயிருப்போர் நோயுற்றோரின் வழிச்செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. நாம் நலமாயிருந்தபோது பிறருக்காகக் கொடுத்தோம்; நோயுற்றபோது பிறர் நமக்காகக் கொடுக்கின்றனர். இதில் தலைகுனிவதற்கு என்ன இருக்கிறது? வரிசையில் நிற்கும்போது, பக்கத்திலிருப்பவர் நம் நோயை அறிந்துகொள்வாரே என்று கூசிப் படிவத்தை மடித்துப் பைக்குள் வைப்போர் உண்டு. கூச வேண்டா.

கூச வேண்டியவர் வேறொருவர். இல்லாத நோய்க்குச் சான்று வாங்குபவரும், பிறர் பெயரிலுள்ள சீட்டில் பயணம் செய்பவரும் இரயில்வேயை மட்டும் ஏமாற்றுவதில்லை. பொதுவில் சேர்த்து வைத்த உண்டியலில் கை வைக்கின்றனர். 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி அது தண்டனைக்குரியது. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றுண்டு. பொய்ச் சான்று ஒன்று பிடிபட்டால், அதன்பின் வரும் உண்மை நோயாளிகள் அனைவரும் ஐயத்துடன் நோக்கப்படுவர்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, உங்கள் தெருவில் தொலைவான ஊருக்குச் சிகிச்சைக்குப் போய்வரும் இல்லம் ஒன்றேனும் இருக்கும். இன்று மாலையே அவ்வில்லத்திற்குச் செல்லுங்கள். “படிவம் வாங்கினீர்களா?” என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையை முன்பதிவு நிலையம்வரை துணைக்கு அனுப்புங்கள். பணம் கொடுத்து உதவ எல்லோராலும் இயலாது. அறிந்ததைச் சொல்லி உதவ எவராலும் இயலும். கழுத்தில் தொங்கும் கடன் வில்லை ஒன்றேனும் அதனால் கழன்று விழுமாயின், அது சிறிய உதவியன்று.